வீட்டுக்காரருக்கு வாந்தி வந்தா நான் மொட்டை மாடிக்கு ஓடிடுறேன், நான் கெட்டவளா? – ஒரு தங்கச்சிக்கு பதில்

திருமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. வயசு 29, கல்யாணமாகி ரெண்டரை வருஷம். பெரியவங்க பாத்து வச்ச கல்யாணம்தான், ஆனா ரெண்டு பேரும் நல்லா ஒட்டிக்கிட்டாங்கன்னு அவங்க எழுதியிருக்குறதுலயே தெரியுது. அடையாளம் தெரியுற விஷயத்தையெல்லாம் எடுத்துட்டேன், ரெண்டு மூணு சின்ன விவரத்த மாத்தியும் இருக்கேன்.

வீட்டுக்காரருக்கு ஒத்தத் தலைவலி, அதாவது மைக்ரேன். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ வரும், வந்தா வாந்தியோடதான் வரும். இந்தத் தங்கச்சிக்கு சின்ன வயசுல இருந்தே வாந்தின்னா உயிர் போற பயம். ஏழு வயசுல ஸ்கூல் டூர்ல கொடைக்கானல் போனப்ப, வத்தலகுண்டு தாண்டி மலை ஏறுற வளைவுல பக்கத்து சீட்டு பிள்ளை இவங்க மடியிலயே எடுத்துருச்சாம், பஸ்ஸே சிரிச்சுச்சாம், டீச்சர் இவங்களத்தான் திட்டுனாங்களாம், இறங்குற வரைக்கும் அந்த ஈரப் பாவாடையோடவே உக்காந்திருந்தாங்களாம். அன்னைல இருந்து பஸ்ல முன் சீட்டு கிடைக்கலன்னா ஏற மாட்டாங்க. வெளிய சாப்பிட மாட்டாங்க. பால் பாக்கெட்டுல தேதிய நாலு தடவ பாப்பாங்க. பந்தியில உக்காந்து வருஷக்கணக்காச்சு.

இந்த சித்திரையில, மதுரைக்கு வர்ற அழகர எதிர்கொண்டு கும்பிடுற எதிர்சேவைக்கு அவரு ஃபிரெண்ட்ஸோட தல்லாகுளம் போயி ராத்திரி பூரா நின்னு, விடியக்காலைல அழகர் ஆத்துல இறங்குறதையும் பாத்துட்டு, வெறும் வயித்துல ஒரு டம்ளர் நீர்மோரோட வெயில்ல வீடு வந்து சேந்துருக்காரு. பதினொரு மணிக்கெல்லாம் தலைய பிடிச்சுட்டு பாத்ரூமுக்கு போயிட்டாரு. சத்தம் கேட்டதும் இவங்க மொட்டை மாடிக்கு ஓடி, கதவ வெளித்தாழ்ப்பா போட்டு, காதப் பொத்திட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டாங்க. அவரு பாத்ரூம்லயே மயங்கி விழுந்துருக்காரு, அவரோட அம்மாதான் தூக்கியிருக்காங்க. "புருஷன் கக்குனா ஓடுறவ நாளைக்கு பிள்ளைய எப்படிடி வளப்ப"ன்னு அத்தை கேட்டதுதான் இன்னிக்கும் இவங்க காதுல ஓடிட்டே இருக்காம்.

வீட்டுக்காரரு ஒரு வார்த்தை சொல்லல. ஆனா அதுக்கப்புறம் அவருக்கு தலைவலியே வரலியேன்னு இவங்க சந்தோஷப்பட்டுட்டு இருந்தப்பதான் போன மாசம் கடைப்பையன் ஃபோன் பண்ணியிருக்கான். "அக்கா, அண்ணன் குடோன்ல படுத்துருக்காக, வாந்தியா எடுக்குறாக, நீங்க பயப்படுவீகன்னு சொல்ல வேணாம்னாக." வேலை பாக்குற கடையோட குடோன்ல, அட்டைப்பெட்டி மேல, தனியா. மூணு தடவ இப்படி நடந்துருக்கு.

கேள்வி நாலு, என் வார்த்தையில சுருக்கி சொல்றேன். நான் கெட்ட பொண்டாட்டியா? வாந்தி வராம இருக்க மெடிக்கல்ல நானே வாங்கி தினமும் ஒண்டான்செட்ரான் போட்டுக்குறேன், தப்பா? அவருக்கு முடியாதப்ப அம்மா வீட்டுக்கு போயிடலாமா? நாலாவது, அவருக்கு தெரியாம ரெண்டு வருஷமா கருத்தடை மாத்திரை சாப்பிடுறேன், மசக்கைய நினைச்சாலே நடுங்குது, என்ன செய்ய?

தங்கச்சி, உங்க மெயில மூணு தடவ படிச்சேன். அவ்வளவு நீளமா எழுதியிருக்கீங்க, ஆனா கடைப்பையன் சொன்னத அப்படியே எழுதுன அந்த ஒரு வரிய தவிர வேற எங்கயும் வாந்திங்கிற வார்த்தை இல்ல. "அவருக்கு அது வந்துருச்சு", "அந்த சத்தம்", "அந்த மாதிரி ஆச்சு"ன்னு சுத்தி சுத்தி போறீங்க. நான் இதுல வாந்தின்னுதான் எழுதப்போறேன், மறைக்கல. படிக்கும்போது நெஞ்சு படபடன்னு வந்தா ஃபோன கீழ வச்சுருங்க, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப எடுங்க. கண்டிப்பா திரும்ப எடுங்க.

இது திமிரு இல்ல, பாசம் இல்லாததும் இல்ல

உங்களுக்கு இருக்குறதுக்கு எமெட்டோஃபோபியான்னு பேரு. பாம்ப கண்டா, உயரத்த கண்டா சிலருக்கு வர்ற மாதிரியான ஃபோபியாதான், மனநல டாக்டர்கள் வச்சிருக்குற நோய்ப் பட்டியல்ல இது முறையா இருக்கு. பொம்பளைங்களுக்கு அதிகம், பெரும்பாலும் சின்ன வயசுலதான் ஆரம்பிக்கும். நீங்க எழுதுன முன் சீட்டு, பால் பாக்கெட் தேதி, பந்தி, மசக்கை பயம் எல்லாமே இதுல இருக்குறவங்க கிட்ட நான் திரும்பத் திரும்ப கேக்குற விஷயங்கதான். உங்களுக்கு மட்டும்தான் இப்படின்னு எழுதியிருக்கீங்க, இல்லம்மா. வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு முக்காவாசிப் பேரு சொல்றதே இல்ல, அவ்வளவுதான்.

மூஞ்சிய சுளிக்கிறது வேற, நீங்க அனுபவிக்கிறது வேற. அருவருப்பு எல்லாருக்கும் இருக்கு, உங்க அத்தைக்கும் அன்னிக்கு இருந்துருக்கும், ஆனா அவங்களால அத தாண்டி உள்ள போக முடிஞ்சுச்சு. உங்களுக்கு அந்த சத்தம் கேட்ட நிமிஷமே உடம்பு "ஆபத்து, ஓடு"ன்னு சொல்லிருது, வீட்டுல தீப்பிடிச்ச மாதிரி. யோசிக்கிறதுக்கு முன்னாடியே காலு படிக்கட்டுல இருக்கும். இதுல நல்ல பொண்டாட்டி கெட்ட பொண்டாட்டிங்கிற பேச்சுக்கே இடமில்ல. அவரு காய்ச்சல்ல கிடந்தப்ப மூணு ராத்திரி முழிச்சு பாத்துக்கிட்டீங்கன்னு நீங்களே போகிற போக்குல எழுதியிருக்கீங்க, அத நீங்களே மறந்துட்டீங்க.

அதுக்காக அன்னிக்கு நடந்தது பரவாயில்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு மனுஷன் மயங்கி கிடந்துருக்காரு, தாழ்ப்பா வெளிய இருந்துச்சு. பயம் உங்க தப்பு இல்ல, ஆனா அந்தப் பயத்த என்ன பண்ணப்போறோம்ங்கிறது இனிமே உங்க கையில இருக்கு. நீங்க எழுதுனதே அதுக்குத்தான்னு நான் எடுத்துக்குறேன்.

நீங்க தப்பா நெனைச்சுட்டு இருக்குற சிலது

முதல்ல, மைக்ரேன் வாந்தி ஒட்டாது. அவரு வாந்தி எடுத்தா உங்களுக்கும் தொத்திக்கும்னு வீடு பூரா ஃபினாயில் ஊத்தி கழுவுறதா எழுதியிருக்கீங்க. அது கிருமியால வர்ற வாந்தி இல்ல, அவரு தலைக்குள்ள நடக்குற மாற்றத்தால வர்றது, நீங்க பக்கத்துல உக்காந்தாலும் கையப் பிடிச்சாலும் உங்களுக்கு வராது. இதுல இன்னொண்ணு இருக்கு, இதத்தான் நீங்க கவனிக்கணும். மைக்ரேன் இருக்குறவங்களுக்கு வெளிச்சம், சத்தம் மாதிரியே வாடையும் ஆகாது. ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், ரூம் ஸ்பிரே வாடையெல்லாம் தலைவலிய கூட்டும், சிலருக்கு ஆரம்பிச்சு வைக்கவே செய்யும். வாந்தி வரக்கூடாதுன்னு நீங்க ஊத்துற ஃபினாயிலே அவருக்கு வாந்திய இழுத்து விடலாம். அப்புறம் பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் சேத்து ஊத்துனப்ப இருமி இருமி கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது குளோரின் வாயும்மா, பூட்டுன பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து, அத இன்னியோட நிறுத்திருங்க.

கெட்டுப்போன சாப்பாட்டாலயோ வைரஸாலயோ வர்ற வாந்தி மட்டும் வேற கதை. அதுல நோரோ வைரஸ்னு ஒண்ணு நல்லா பரவும், அதுக்கு நீங்க பையில வச்சிருக்குற சானிடைசர் சரியா வேலை செய்யாது, சோப்பு போட்டு தண்ணியில 20 செகண்ட் கழுவுறதுதான் சரி. 20 செகண்ட்னா 20 செகண்ட், தோல் உரியுற வரைக்கும் இல்ல.

ரெண்டாவது, "எனக்கு தினமும் ஒமட்டுது, அப்ப வரப்போகுதுன்னுதானே அர்த்தம்"னு கேட்டீங்க. நீங்களே எழுதியிருக்கீங்க, கடைசியா நீங்க வாந்தி எடுத்தது ஒம்பது வயசுல மஞ்சக்காமாலை வந்தப்ப. இப்ப 29. தினமும் ஒமட்டியும் இருபது வருஷமா ஒரு தடவகூட வரல. பயந்தா வயிறு செரிமான வேலைய மெதுவாக்கிரும், வயித்த பிசையும், வாயில எச்சி ஊறும், தொண்டை அடைக்கும், இது எல்லாமே பயத்தோட வேலை. ஒமட்டுதுன்னு பயப்படுறீங்க, பயந்ததால இன்னும் ஒமட்டுது, இப்படியே சுத்துது.

மூணாவது, வாந்தி எடுத்தா மூச்சடைச்சு செத்துருவோம்ங்கிற நெனப்பு. முழிச்சு இருக்குற மனுஷனுக்கு வாந்தி வரும்போது மூச்சுக்குழல் வாசல உடம்பே மூடிக்கும், அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. மூச்சடைக்கிற ஆபத்து நினைவு இல்லாம மல்லாந்து கிடக்குறவங்களுக்குத்தான். அதனாலதான் மயங்கினவங்கள ஒருக்களிச்சு படுக்க வைக்கணும்னு சொல்றது. உங்க வீட்டுக்காரரு மயங்குனதால இத நீங்க தெரிஞ்சு வச்சுக்கணும்.

ஒண்டான்செட்ரான் பத்தி. கீமோ எடுக்குறவங்களுக்கு, ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கெல்லாம் குடுக்குற நல்ல மாத்திரைதான் அது. ஆனா வராத வாந்திக்கு தினமும் போடுற மாத்திரை இல்ல. தலைவலி, மலச்சிக்கல் வரும், சிலருக்கு இதயத் துடிப்புல கோளாறு பண்ணும். முதல் ரெண்டையும் நீங்களே எழுதியிருக்கீங்க, அடிக்கடி தலை வலிக்குது, நாலு நாளைக்கு ஒரு தடவதான் டாய்லெட் போறேன்னு. அதவிட பெரிய நஷ்டம், ஒவ்வொரு நாளும் நல்லபடியா முடியும்போது "மாத்திரை போட்டதாலதான் தப்பிச்சேன்"னு மனசு எழுதி வச்சுக்கும். மாத்திரை இல்லாமலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு அதுக்கு தெரிய வாய்ப்பே கிடைக்காது. இத்தன நாளா சாப்பிடுறத டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லி, அவரு சொல்றபடி நிறுத்துங்க.

அடுத்த தடவ அவருக்கு தலைவலி வரும்போது

இது அவசர வேலை, பயம் போறதுக்கு காத்திருக்க முடியாது. அடுத்த தலைவலி அடுத்த வாரமே வரலாம். அதனால உங்கள நேரா வாந்திக்கு பக்கத்துல நிக்கச் சொல்லல. கவனிச்சுக்குறதுங்கிறது ஒரே வேலை இல்லம்மா, பிரிச்சா பத்து வேலை, அதுல ஒண்ணு ரெண்டுதான் வாந்தி சம்பந்தப்பட்டது.

தலைவலி லேசா ஆரம்பிக்கும்போதே அவரு உங்ககிட்ட சொல்லணும், அந்த நிமிஷமே டாக்டர் எழுதிக் குடுக்குற மாத்திரைய எடுத்து குடுக்குறது உங்க வேலை. மைக்ரேன்ல இரைப்பை மந்தமாயிரும், லேட்டா போட்டா மாத்திரை இறங்காது, வாந்தியிலயே வெளிய வந்துரும். ஜன்னல் திரைய இழுத்து விடுறது, டிவிய அமத்துறது, நெத்தியில ஈரத்துணி, தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா குடுக்குறது, கடைக்கு ஃபோன் பண்ணி லீவு சொல்றது. மூடி போட்ட வாளி ஒண்ணு வாங்கி கட்டிலுக்கு அந்தப் பக்கம் வச்சுருங்க. வாளிய கொட்டி கழுவுறத இப்போதைக்கு அவரோ அத்தையோ பண்ணட்டும், இத முன்னாடியே மூணு பேரும் உக்காந்து பேசி வச்சுக்கோங்க, அந்த நேரத்துல பேச முடியாது.

அவரு எடுக்கும்போது நீங்க மாடிக்கு போகக்கூடாது, வீட்டுக்குள்ள இருக்கணும், கதவுக்கு இந்தப் பக்கம். முதல் தடவ சமையக்கட்டு வரைக்கும் போயிக்கோங்க. காதுல லேசா பாட்டு வச்சுக்கோங்க, பரவாயில்ல, பின்னாடி அதையும் குறைச்சுக்குவோம். "நான் இங்கதான் இருக்கேன்"னு அவருக்கு கேக்குற மாதிரி ஒரு தடவ குரல் குடுங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ அவரு பதில் சொல்றாரான்னு பாருங்க. பதில் வரலன்னா உள்ள போகணும், அல்லது அந்த நிமிஷமே அத்தையக் கூப்பிடணும். எந்தத் தாழ்ப்பாளும் போடக்கூடாது, பாத்ரூம் உட்பட.

ஒரே நொடியில இடி இறங்குன மாதிரி தலைவலி வந்தாலோ, காய்ச்சலோட கழுத்து மடங்கலன்னாலோ, ஒரு பக்கம் கை கால் தளந்தாலோ, பேச்சு குழறுனாலோ அது வழக்கமான மைக்ரேன்னு நெனைக்காதீங்க, 108க்கு அடிங்க. வாந்தியில ரத்தம் தெரிஞ்சாலும், ஒரு நாள் முழுக்க தண்ணிகூட தங்கலன்னாலும், எட்டு மணி நேரமா ஒண்ணுக்கே போகலன்னாலும் ஆஸ்பத்திரிக்கு போயிரணும்.

இதுல எனக்கு ஒரு வருத்தம். உங்க மெயில்ல எங்கயுமே அவரு மைக்ரேனுக்கு ஒழுங்கா வைத்தியம் பாத்ததா இல்ல. மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி போடுறாரு, அவ்வளவுதான். மாசத்துல பத்து பதினஞ்சு நாளுக்கு மேல வலி மாத்திரை போட்டா அந்த மாத்திரையே தலைவலிய அடிக்கடி வர வச்சுரும். ஒழுங்கா பாத்தா வாந்தியையும் சேத்து நிறுத்துற மருந்து இருக்கு, அடிக்கடி வராம தடுக்குற மருந்தும் இருக்கு. மயங்கி விழுந்ததையும் டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். தூங்காதது, பட்டினி, உச்சி வெயில் மூணுமே மைக்ரேன கிளப்பி விடும், எதிர்சேவை அன்னிக்கு மூணும் சேந்து வந்துருச்சு. அடுத்த வருஷமும் அவரு அழகரப் பாக்க போகட்டும், சாயங்காலம் நல்லா தூங்கி எழுந்து, சாப்பிட்டுட்டு, தலையில துண்டு போட்டு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி திரும்பட்டும். அவரு தலைவலி பாதியா குறைஞ்சா உங்க வீட்டுல வாந்தியும் பாதியா குறையும், அதனால இது உங்களுக்கும் வைத்தியம்தான்.

அம்மா வீட்டுக்கு போயிடலாமான்னு கேட்டதுக்கும் இங்கயே பதில் சொல்லிடுறேன். ஒரு தடவ போனா நிம்மதியாத்தான் இருக்கும். ஆனா மாடி ரெண்டு மணி நேரம், அம்மா வீடு ரெண்டு நாள், ரெண்டும் ஒரே ஓட்டம்தான். ஓடுன ஒவ்வொரு தடவையும் பயம் இன்னும் கொஞ்சம் வளரும்.

பயத்த இறக்குற வேலை

பயம் போன பிறகு பக்கத்துல போகலாம்னு நீங்க காத்திருக்கீங்க. அது நடக்காது தங்கச்சி. கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல போகப் போகத்தான் பயம் இறங்கும். சைக்காலஜில இதுக்கு எக்ஸ்போஷர்னு சொல்லுவாங்க, சிபிடிங்கிற, நெனப்பையும் நடத்தையையும் மாத்துற பேச்சு சிகிச்சையோட ஒரு பகுதி, ஃபோபியாவுக்கு நல்லா வேலை செய்யுற வைத்தியம் இது. உங்கள வாந்தி எடுக்க வைப்பாங்களோன்னு பயப்படாதீங்க, அது தேவையே இல்ல.

ஏணி மாதிரி படி படியா போகும். உங்க விஷயத்துல முதல் படி அந்த வார்த்தைய எழுதுறது, ஒரு நோட்டுல வாந்தி வாந்தின்னு பக்கம் நெறைய, அப்புறம் வாய்விட்டு சொல்றது. அப்புறம் கார்ட்டூன் படம், நிஜப் படம், சத்தம் மட்டும் உள்ள ஆடியோ, வீடியோ. அதுக்கப்புறம் ஒரு படிய சொன்னா உங்களுக்கு தூக்கிவாரிப் போடும், ஆனா இதத்தான் தெரபிஸ்டுங்க நாங்க நிஜமாவே செய்வோம்: மிச்சமான சாம்பார் சாதத்துல மோரும் கேரட் துருவலும் கலந்து, ஒரு டம்ளர்ல எடுத்து பாத்ரூம்ல சத்தம் வர்ற மாதிரி ஊத்தி, நீங்களே நின்னு பாத்து, நீங்களே கழுவி விடணும். உங்க கையால பிசைஞ்ச சாதம்னு உங்களுக்கு தெரியும், இருந்தாலும் உடம்பு நடுங்கும். அந்த நடுக்கத்தோட நிக்கிறதுதான் பயிற்சி. பெரும்பாலும் அரை மணி, முக்கா மணிக்குள்ள தன்னால இறங்கும், இறங்குறதுக்கு முன்னாடி ஓடக்கூடாது, அது ஒண்ணுதான் விதி. ஒரு படி சப்புன்னு ஆகுற வரைக்கும் அதையே திரும்பத் திரும்ப செஞ்சுட்டு அடுத்த படிக்கு போகலாம்.

கூடவே சின்னச் சின்ன பாதுகாப்பு வேலையெல்லாம் ஒவ்வொண்ணா விடணும். பால் தேதிய ஒரு தடவ மட்டும் பாக்குறது. பஸ்ல நடு சீட்டு, முதல்ல திருமங்கலத்துல இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போதும், கொடைக்கானல் பிறகு பாப்போம். ஒரு கல்யாணத்துல பந்தியில உக்காந்து சோறும் ரசமும் மட்டுமாவது சாப்பிடுறது. அவருகிட்ட ஒரு நாளைக்கு பத்து தடவ "வயிறு நல்லாருக்கா, ஒமட்டுதா"ன்னு கேக்குறத மொதல்ல ரெண்டாக்குங்க. அந்தக் கேள்விதான் அவர குடோனுக்கு அனுப்புச்சுன்னு நான் நெனைக்கிறேன். ஒமட்டுதுன்னு உண்மைய சொன்னா உங்க மூஞ்சி வெளிறிப் போறத எத்தன தடவ பாத்துருப்பாரு அந்த மனுஷன்.

முதல் ரெண்டு மூணு படிய வீட்டுலயே செய்யலாம், அதுக்கு மேல தனியா வேணாம், ஒரு தெரபிஸ்ட் கூட இருக்கணும். பாதியில பயந்து நிறுத்திட்டா பயம் இன்னும் கெட்டியாயிரும், அதனாலதான் சொல்றேன். எல்லாம் சரியாக பல வாரம் ஆகும். பதட்டம் ரொம்ப இருந்தாலோ மனசு சோந்து கிடந்தாலோ சைக்கியாட்ரிஸ்ட் மாத்திரையும் குடுப்பாரு. அதுல சில மாத்திரை முதல் சில நாள் லேசா ஒமட்டும், "எனக்கு வாந்தி பயம் இருக்கு"ன்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா கொறைஞ்ச அளவுல ஆரம்பிப்பாங்க.

எங்க போறது, யாருக்கு தெரியும்

மதுரை பெரியாஸ்பத்திரியில, அதான் ராஜாஜி ஆஸ்பத்திரியில, மனநலப் பிரிவு இருக்கு, காசு இல்லாம பாத்துக்கலாம். அவரு மைக்ரேனுக்கு நரம்பியல் பிரிவும் அங்கயே இருக்கு, ரெண்டு பேரும் சேந்தே போயிட்டு வரலாம். உடனே யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலி மானஸ், அரசாங்கம் 2022ல ஆரம்பிச்ச இலவச நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். பிரைவேட்டா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்ட பாக்குறதா இருந்தா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கான்னு கேளுங்க, எக்ஸ்போஷர் பண்ணுவீங்களான்னும் கேளுங்க. வெறும் அட்வைஸ் மட்டும் சொல்லி அனுப்புறவங்க கிட்ட இந்தப் பயம் போகாது.

"மனநல டாக்டர பாத்தா பைத்தியம்னு தீத்து வச்சுருவாங்களோ"ன்னு கேட்டிருந்தீங்க. 2017 மனநலச் சட்டத்துல உங்க சிகிச்சை விவரத்த ரகசியமா வச்சிருக்கணும்னு உங்களுக்கு உரிமையே குடுத்துருக்காங்க, சட்டத்துல இருக்குற சில விதிவிலக்கு தவிர, உங்க சம்மதம் இல்லாம சொந்தக்காரங்களுக்கு சொல்ல முடியாது. அத்தை பாண்டி கோவிலுக்கு கூட்டிட்டு போயி கயிறு கட்டலாம்னு சொன்னாங்கன்னா போயிட்டு வாங்க, கயிறும் கட்டிக்கோங்க, அவங்களுக்கும் ஒரு ஆறுதல், உங்க மேல அக்கறை இருக்கப்போயிதானே கூப்பிடுறாங்க. கோவிலுக்கு போனதால டாக்டர்கிட்ட போக வேணாம்னு மட்டும் யாரும் சொல்லிறக் கூடாது.

அந்தக் கருத்தடை மாத்திரை விஷயம்

இத எழுத உங்களுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துருக்கும். குழந்தை எப்ப, வேணுமா வேணாமாங்கிறது உங்க உடம்பு சம்பந்தப்பட்ட முடிவு, 2009ல சுப்ரீம் கோர்ட்டும் இத பொம்பளையோட தனிமனித சுதந்திரத்துல ஒரு பகுதின்னு சொல்லியிருக்கு. நீங்க மாத்திரை சாப்பிட்டது குத்தம் இல்ல. ஆனா ஒவ்வொரு மாசமும் அத்தை "விசேஷம் இருக்கா"ன்னு கேக்கும்போது அவரும் உங்க கூட சேந்து தல குனியுறாரு, தன்கிட்டதான் குறையோன்னு ஒரு டெஸ்ட் வேற எடுத்துட்டு வந்ததா எழுதியிருக்கீங்க. அத படிச்சப்ப எனக்கு மனசு கனத்துருச்சு. அவருகிட்ட சொல்லணும். நாளைக்கே வேணாம், ஆனா அவரு அடுத்த டெஸ்டுக்கு போறதுக்கு முன்னாடி. தனியா சொல்ல தைரியம் இல்லன்னா தெரபிஸ்ட் முன்னாடி வச்சு சொல்லுங்க, ஜோடியா உக்காந்து பேசுறதுக்கு நாங்க நேரம் ஒதுக்குவோம்.

மசக்கை எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. பத்துல ஏழெட்டு பேருக்கு குமட்டல் இருக்கும், அதுல எல்லாருக்கும் வாந்தி வராது, வந்தாலும் முக்காவாசிப் பேருக்கு நாலாவது மாசத்துக்குள்ள அடங்கிரும். எதுவுமே தங்காம ஆஸ்பத்திரியில சேக்குற அளவுக்கு போறது நூத்துல மூணு பேருக்குள்ளதான். அதுக்கு டாக்சிலமைனும் வைட்டமின் பி6ம் சேந்த மாத்திரைய கர்ப்ப காலத்துலயே டாக்டருங்க குடுத்துட்டு வர்றாங்க. அதனால முதல்ல பயத்துக்கு வைத்தியம், அப்புறம் குழந்தை பத்தி முடிவு. வேணாம்னு முடிவு பண்ணாலும் அது நீங்க எடுத்த முடிவா இருக்கட்டும், பயம் எடுத்த முடிவா இருக்க வேணாம். பிள்ளைய எப்படி வளப்பன்னு அத்தை கேட்டாங்கல்ல, இதே பயத்தோட என்கிட்ட வந்தவங்க பிள்ளைங்களோட வாயத் தொடச்சுவிட்டு வளத்துட்டுத்தான் இருக்காங்க.

கடைசியா, இன்னிக்கு ராத்திரியே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, டாக்டர பாக்குற வரைக்கும் இத தள்ளிப் போடாதீங்க. குடோன் விஷயம் தெரிஞ்சும் அவருகிட்ட நீங்க இன்னும் ஒண்ணும் கேக்கலன்னு எழுதியிருக்கீங்க. அவரு கடைய அடைச்சுட்டு வந்து சாப்பிட்டதும் பக்கத்துல உக்காருங்க. இந்தப் பதில காட்டணும்னாலும் காட்டுங்க. காட்டாட்டியும் இத மட்டும் உங்க வாயால சொல்லுங்க, "அது"ன்னு சொல்லாம அந்த வார்த்தையோடவே சொல்லுங்க: "வாந்தி வந்தாலும் இங்கயே படுங்க, இனிமே குடோனுக்கு போகாதீங்க, நான் கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்."